கேம்ஸ் விளையாடினால் புதிய சொற்கள் மனதில் நிற்குமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பல வீடுகளில் நடக்கும் பஞ்சாயத்து இது. "பையன் இங்கிலீஷ் கத்துக்குவான்னுதான் வாங்கிப் போட்டோம். அவன் பொழுதுக்கும் கேம்ஸ் ஆடிக்கிட்டு இருக்கான்" என்பார்கள் பெற்றோர். "கேம்ஸ்லயும் இங்கிலீஷ்தானே வருது" என்பான் பையன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால், வீட்டில் இருக்கும் அதே கம்ப்யூட்டரை வைத்துப் புதிய சொற்களை நன்றாகவே மனதில் பதிய வைக்கலாம்.

நான் இருப்பது தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி. வத்தலகுண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். இந்தப் பக்கம் மொழி என்பது பரீட்சைக்கான பாடம் மட்டுமில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு மலையாளம் வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும். மாலை நேரத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உட்காருவார்கள். அவர்களிடம் பார்த்ததையும், இந்த விஷயத்தில் நடந்த ஆராய்ச்சிகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேம்ஸில் பார்த்த சொல் எங்கே போகிறது?

கார் ரேஸ் ஆடும் ஒரு ஐந்தாம் வகுப்புப் பையனைக் கவனியுங்கள். ஸ்டார்ட், ரீட்ரை, லோடு, எக்ஸிட் என்று திரையில் வரும் சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் சரியாகக் கிளிக் செய்வான். 'பரவாயில்லையே, படிக்கிறானே' என்று தோன்றும். அதே சொற்களை ஒரு தாளில் வரிசை மாற்றி எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலும் தடுமாறுவான். காரணம், அவன் படித்தது சொல்லை இல்லை, இடத்தை. மேலே இருப்பது ஸ்டார்ட், கீழே இருப்பது எக்ஸிட். அவ்வளவுதான். சொல் தெரியாமலே ஜெயிக்க முடிகிற கேமில் சொல்லைக் கற்க வேண்டிய தேவையே வருவதில்லை.

இதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. ஜப்பானில் 80 கல்லூரி மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் 'பராப்பா த ராப்பர் 2' என்ற பாட்டு கேமை ஆங்கிலத்தில் ஆட வேண்டும். மற்றவர் இன்னொரு திரையில் அதே ஆட்டத்தைப் பார்க்க மட்டும் வேண்டும். பிறகு இருவருக்கும் சொற்களில் பரீட்சை. 2010-ல் வெளியான இதன் முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. ஆடியவரைவிடப் பார்த்தவருக்குத்தான் அதிகச் சொற்கள் நினைவிருந்தன!

யோசித்தால் இது புரியக்கூடியதுதான். ஆடுகிறவரின் கவனமெல்லாம் எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதில் போய்விடுகிறது. பார்க்கிறவருக்கு அந்தச் சுமை இல்லை. காதில் விழும் சொல்லைக் கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில நாள் கழித்து மறுபடி பரீட்சை வைத்தபோது இரண்டு தரப்புமே நிறைய மறந்திருந்தன.

ஆக, நமக்கு இரண்டு பிரச்னைகள். ஒன்று, விறுவிறுப்பான கேம் கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு, ஒரு தடவை பார்த்த சொல் நிற்பதில்லை.

மறதி எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ல் மறதியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. கவனியுங்கள்: பெரிய இழப்பு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அதற்கப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. அர்த்தமுள்ள சொற்கள் இதைவிட நன்றாக நிற்கும். ஆனால் மறதியின் போக்கு இப்படித்தான்.

அப்படியானால் திரும்பத் திரும்பப் படித்தால் போதுமா? போதாது என்கிறது இன்னொரு சோதனை. அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொரு பிரிவினர் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் வேண்டும். ஒரு வாரம் கழித்து முதல் பிரிவினருக்கு ஏறக்குறைய 80 சதவீதச் சொற்கள் நினைவிருந்தன. இரண்டாவது பிரிவினருக்கு அதில் பாதிகூட இல்லை. 2008-ல் வெளியான ஆய்வு இது.

கிணற்றில் தண்ணீர் இருப்பதைப் பார்ப்பது வேறு, இறைத்துப் பழகுவது வேறு. சொல்லும் அப்படித்தான். மனதிலிருந்து இறைத்து வெளியே எடுக்க எடுக்கத்தான் அது வசப்படும். எனவே ஒரு கேம் சொல் கற்றுத்தருமா என்று பார்க்க இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. சொல்லின் அர்த்தம் தெரியாமல் இந்த கேமில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது சொல் கற்றுத்தராது.
2. சொல்லை நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறதா, அல்லது திரையில் பார்த்தால் போதுமா?
3. இன்று வந்த சொல் நாளையும், நாலு நாள் கழித்தும் திரும்ப வருகிறதா?

நம் நாட்டில் நடந்த முயற்சி

கேம்ஸ் மூலம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்றுத்தர முடியுமா என்று நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ காம் 2004 வாக்கில் தொடங்கிய திட்டத்துக்கு 'மில்லி' என்று பெயர். சாதாரண செல்போனில் ஓடும் சிறு சிறு கேம்ஸ்களை உருவாக்கி, உத்தரப்பிரதேச கிராமங்களில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள்.

வெளிநாட்டு வீடியோ கேம்ஸ் பாணியில் செய்த ஆட்டங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடவில்லை. எதற்காக ஓடுகிறோம், எதைத் தொட்டால் ஜெயிப்போம் என்று விளங்குவதிலேயே நேரம் போய்விட்டது. எனவே அந்தக் குழு, கிராமத்துப் பிள்ளைகள் தெருவில் ஆடும் 28 பாரம்பரிய விளையாட்டுகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றின் விதிகளைப் பார்த்து, அதற்கேற்பத் தன் கேம்ஸ்களை வடிவமைத்தது. கிளித்தட்டும் பாண்டியும் ஆடி வளர்ந்த பிள்ளைக்கு எது கோடு, எது அவுட் என்று சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? அது மாதிரிதான்.

பிறகு ஒரு கிராமத்தில் பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளை உட்கார வைத்து ஆடச் செய்தார்கள். பழக்கமான ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எழுத்துக்கூட்டி எழுதுவதில் பிள்ளைகள் தேறினார்கள். 26 வாரம் நடந்த இன்னொரு ஆய்வில், ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே போனை எடுத்து ஆடுகிறார்களா என்று பார்த்தார்கள். ஓரளவு ஆடினார்கள், ஓரளவு கற்றார்கள் என்பது 2010-ல் வெளியான முடிவு. மந்திரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் வாத்தியாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் இதுவே நல்ல பலன்தான்.

எந்த கேம் எதற்கு உதவும்?

பொருள் தேடும் கேம்ஸ்: ஒரு அறையின் படத்தில் நூறு சாமான்கள் கிடக்கும். கீழே ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஏணி எங்கே, சாவி எங்கே என்று தேடிக் கிளிக் செய்ய வேண்டும். 2005-ல் வந்த 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' இந்த வகையில் பிரபலமானது. சொல் தெரியாவிட்டால் தேட முடியாது என்பதால் முதல் கேள்வியில் இந்த வகை பாஸ். பெயர்ச்சொற்கள் கற்க மிக நல்லது. அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

ஜிகாம்ப்ரி: 2000-ல் பிரான்சில் புருனோ குதுவான் என்பவர் தொடங்கிய இலவச மென்பொருள். பெயருக்கு பிரெஞ்சு உச்சரிப்பில் 'எனக்குப் புரிந்தது' என்று அர்த்தம். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர் விளையாட்டுகள் இதில் உண்டு. இதன் சொல்வளப் பயிற்சியில் படமும் குரலும் சேர்ந்து வரும், பிறகு கேள்வி கேட்கும். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். குரல் பைல்களை முதல் முறை இன்டர்நெட் வழியாக இறக்க வேண்டியிருக்கும். அதன்பின் இன்டர்நெட் இல்லாமலே ஆடலாம்.

ஹேங்மேன்: சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஊகிப்பது. எழுத்துக்கூட்டுக்கு நல்லது. ஆனால் அர்த்தமே தெரியாமல் ஊகித்துவிடலாம். எனவே ஒவ்வொரு சொல் முடிந்ததும் 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

டக்ஸ் டைப்பிங்: மேலிருந்து விழும் சொல்லை டைப் செய்தால் பென்குயின் மீனைப் பிடிக்கும். கீபோர்டு பழகப் பிரமாதம். அர்த்தத்தைக் கற்றுத்தராது.

ஃப்ரீரைஸ்: 2007-ல் ஜான் பிரீன் என்பவர் தொடங்கி, பிறகு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்த இணைய விளையாட்டு. ஆங்கிலச் சொல்லுக்கு நாலு விடைகளில் சரியானதைக் கிளிக் செய்தால், பசித்தவர்களுக்கான அரிசிக் கணக்கில் சில மணிகள் சேரும். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஏற்றது.

எதை டவுன்லோடு செய்தாலும் அதைத் தயாரித்தவர்களின் சொந்த இணையதளத்திலிருந்தே செய்யுங்கள். 'ஆயிரம் கேம்ஸ் இலவசம்' என்று கூவும் தளங்களிலிருந்து கேமோடு வைரஸும் விளம்பரத் தொல்லையும் சேர்ந்து வரும்.

நீங்களே ஒரு கேம் செய்யலாம்!

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மூன்றாவது கேள்வியில் தேறாது. இன்று தவறிய சொல்லைச் சரியாக நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து நிறுத்தாது. இந்தக் குறையைப் போக்க நாமே ஒரு கேம் செய்யலாம். புரோகிராமிங் தெரிய வேண்டாம். மைக்ரோசாஃப்ட் பவர்பாயின்ட் போதும். அது இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் இம்ப்ரெஸ் இருக்கிறது. மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை அதேதான். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் தூங்கினால், இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

1. பவர்பாயின்ட்டைத் திறந்து, லேஅவுட்டில் பிளாங்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெற்று ஸ்லைடு வரும்.
2. இன்செர்ட் மெனுவில் பிக்சர் மூலம் ஒரு படத்தைக் கொண்டுவாருங்கள். இணையப் படத்தைவிட உங்கள் போனில் எடுத்த படமே நல்லது. வீட்டு ஏணி, மாங்காய்க் கூடை, கதவுத் தாழ்ப்பாள், வாய்க்கால், மஞ்சளாறு அணை என்று பிள்ளை தினமும் பார்ப்பவையாக இருக்கட்டும்.
3. படத்துக்குக் கீழே டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு அதற்கான ஆங்கிலச் சொல்லை டைப் செய்யுங்கள்.
4. அந்த டெக்ஸ்ட் பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, அனிமேஷன்ஸ் மெனுவில் அப்பியர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். இனி மவுஸை ஒரு தடவை கிளிக் செய்தால்தான் சொல் தோன்றும்.
5. இப்படி ஐந்து ஸ்லைடுகள் செய்து, 'லெவல் 1' என்று பெயரிட்டு சேவ் செய்யுங்கள்.
6. வெற்று பைல்கள் இரண்டு திறந்து, 'லெவல் 2', 'லெவல் 3' என்று பெயர் கொடுத்து அதே போல்டரில் வையுங்கள்.

இப்போது எஃப்5 கீயை அழுத்துங்கள். படம் வரும். பிள்ளை சொல்லை வாயால் சொல்ல வேண்டும், அல்லது நோட்டில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் மவுஸ் கிளிக். 'தெரியும் தெரியும்' என்று முன்கூட்டியே கிளிக் செய்தால் ஆட்டம் செல்லாது. இந்த ஒரு விதியில் கண்டிப்பாக இருங்கள். மனதிலிருந்து சொல்லை எடுக்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் கற்பது நடக்கிறது.

விடை சரி என்றால் அந்த ஸ்லைடுக்குப் புரமோஷன். ஸ்லைடு சார்ட்டர் வியூவில் அதைக் கிளிக் செய்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வெட்டி, லெவல் 2 பைலில் கன்ட்ரோல் வி அழுத்தி ஒட்டுங்கள். லெவல் 1 தினமும் ஆட வேண்டும். லெவல் 2 மூன்று நாளுக்கு ஒரு முறை. லெவல் 3 வாரத்துக்கு ஒரு முறை. எந்த லெவலில் தவறினாலும் சரி, அந்த ஸ்லைடு மறுபடி லெவல் 1-க்கு வந்துவிடும். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி!

இந்த யோசனை என்னுடையது இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் மூலம் பிரபலப்படுத்திய அட்டைப்பெட்டி முறைதான் இது. அவர் அட்டைகளை வைத்துச் செய்ததை நாம் ஸ்லைடுகளை வைத்துச் செய்கிறோம். இதையே தானாகக் கணக்குப் போட்டுச் செய்யும் 'அன்கி' என்ற இலவச மென்பொருள் 2006-ல் வந்தது. சொற்கள் நூறைத் தாண்டிய பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் பவர்பாயின்ட்டே நல்லது என்பேன். கட் பேஸ்ட், சேவ், போல்டர் என்று கம்ப்யூட்டரின் அடிப்படை வேலைகளும் கூடவே பழகிவிடும்.

வாரம் ஒரு முறை ஸ்லைடு சார்ட்டரில் ஸ்லைடுகளை மவுஸால் இழுத்து வரிசையை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏணிக்கு அடுத்தது கூடை என்று வரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ரேஸ் கேம் பையனின் கதைதான் திரும்ப நடக்கும்.

மலையாளம் கற்பவர்களுக்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. தமிழ்போலவே ஒலித்து வேறு அர்த்தம் தரும் சொற்கள்தான் அதில் அதிகம் குழப்பும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். பனி என்றால் காய்ச்சல். குட்டி என்றால் குழந்தை. ஸ்லைடில் ஒரு தம்ளர் தண்ணீரின் படத்தைப் போட்டு வெள்ளம் என்று எழுதுங்கள். தமிழ் அர்த்தம் குறுக்கே வராமல் படமும் சொல்லும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிள்ளைகள்

நம் வீடுகளில் மவுஸ் பெரும்பாலும் பையன் கையில்தான் இருக்கும். அக்காவோ தங்கையோ பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தவர்களுக்குத்தான் சொல் அதிகம் நினைவிருந்தது என்ற ஜப்பான் ஆய்வைக் காட்டி, 'அவள் பார்த்தாலே போதும்' என்று சொல்லிவிடாதீர்கள். டைப் செய்யவும், பைல் திறக்கவும், தப்புச் செய்து திருத்தவும் மவுஸ் அவள் கைக்கும் வர வேண்டும்.

அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் வழியை. பத்து நிமிடம் ஒருவர் ஆடட்டும். மற்றவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, திரையில் வரும் புதுச் சொற்களில் ஐந்தை எழுதட்டும். பிறகு இடம் மாறுங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, எழுதியவர் ஆடியவரைக் கேள்வி கேட்க வேண்டும். "இந்த மூணாவது சொல்லுக்கு என்னடா அர்த்தம்?" இந்தக் கேள்வி நேரத்தில்தான் அன்றைய கற்றல் உறுதிப்படும். என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கேமைவிட இதில்தான் அதிகச் சத்தம் போடுகிறார்கள். அந்தப் பத்துச் சொற்களில் தெரியாதவைதான் மறுநாள் புது ஸ்லைடுகள்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதை நடத்தலாம். படம் திரையில் இருக்கிறது, விடை ஒரு கிளிக்கில் வருகிறது. பிள்ளை சொன்னதும் திரையில் வந்ததும் ஒன்றா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. ஒரு மாதம் கழித்து லெவல் 3 பைலைத் திறந்து எத்தனை ஸ்லைடுகள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவும் உங்கள் பிள்ளை பலமுறை மனதிலிருந்து எடுத்துச் சொன்ன சொற்கள். இன்று மாலை ஐந்து படங்களோடு ஆரம்பித்துவிடுங்கள்.